ஐம்பத்தோராம் பக்கம்

ராஜபாளையம்
19.10.2024

யுவராணிக்கு அண்ணன் ஜெயபாண்டி எழுதுவது.

நீ சுகமாகத்தான் இருப்பாய். செவ்வாய்க்கிழமை போனில் நீ போட்ட சத்தத்தைக் கேட்ட எவனும் உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்வான். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. உன் மதினி மாரிக்கனிக்குச் சளி. எனக்குக் காதுக்குள் இன்னும் உன் சத்தம்.

கத்தியது போதாதென்று என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். செய்துகொள். காகிதத்தைப் பிளாக் செய்ய முடியாது. அறக்கட்டளை வேன் தினமும் காலையில் என் கல்லூரியிலிருந்து உன் பல்கலைக்கழகத்துக்குத் தபால் பையோடு வருகிறதல்லவா, அதில் டிரைவர் வேல்சாமியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நடந்தது இவ்வளவுதான். அறக்கட்டளைச் செயலாளர் ஞானதுரை என்னைக் கூப்பிட்டு, "டிசம்பர்ல யுனிவர்சிட்டிக்கு ஆய்வுக் குழு வருது. ஒங்க தங்கச்சி லைப்ரரியில அலமாரி பாதி காலியா கெடக்கு. ஒங்க காலேஜ் புத்தகத்த அங்க கொண்டுபோய் அடுக்குவோம். குழு போன பொறவு திருப்பிக் கொண்டாந்துருவோம்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? இரண்டும் ஒரே முதலாளியின் நிறுவனங்கள். வருகிற மே மாதம் ஓய்வு பெறப் போகிறவன் அவரிடம் சட்டம் பேசிக்கொண்டிருப்பானா? உன் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். உன்னைக் கேட்காமல் சம்மதித்தது கொலைக்குற்றம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷமாக என் நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்ததில்லை. எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள், சாவி என் இடுப்பில். நீயோ வேலையில் சேர்ந்த முதல் மாதமே கண்ணாடிக் கதவுகளைக் கழற்றி ஷெட்டில் போட்டவள். என் புத்தகங்கள் அங்கே இருக்கும்வரை அவற்றின் மேல் ஒருத்தர் கையும் படக்கூடாது. சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை சோலைராஜ் பேசினால் கேட்டதாகச் சொல்.

ஜெயபாண்டி


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
24.10.2024

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். எரிச்சலாக இருக்கிறேன். உன் மாப்பிள்ளை அசாமிலிருந்து பேசினார். ராணுவ முகாமில் நல்ல குளிராம். இங்கே எனக்கு உடம்பெல்லாம் சூடு என்றேன், காய்ச்சலா என்று பதறினார். இல்லை, எங்கள் அண்ணன் என்றேன்.

என் மானத்தைக் காப்பாற்ற உன்னை யார் கேட்டார்கள்? நான் வந்தபோது இந்த நூலகம் ஒன்பது மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டும். வகுப்பும் ஒன்பதிலிருந்து ஐந்து. பஸ் கிளம்புவதும் ஐந்துக்கு. பிள்ளைகள் எப்போது வருவார்கள்? யாரும் வருவதில்லை, இந்தக் காலத்தில் எவன் படிக்கிறான் என்று ஆண்டறிக்கையில் எழுதி வைத்திருந்தார்கள். படித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியாது.

நான் முதலில் புத்தகம் கேட்கவில்லை. பஸ் நேரம் கேட்டேன். முதல் பஸ் ஏழரைக்கு வந்துவிடுகிறது. அதனால் ஏழரைக்குத் திறந்தேன். சாப்பாட்டு வேளையில் பூட்டுவதை நிறுத்தினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பஸ் விடச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்று, இரண்டு மாதம் சண்டை போட்டு வாங்கி, அதுவரை நூலகத்தைத் திறந்து வைத்தேன். உதவியாளர் தவசிமுத்து, "மேடம், என்னால மாத்தி மாத்தி ஷிப்ட் பாக்க முடியாது" என்று முகத்தைத் தூக்கினார். அவருக்கு ஒத்த நேரத்தை அவரையே எழுதித் தரச் சொல்லி, மற்றவர்களை அதைச் சுற்றிப் போட்டேன். யாரும் தொடாத வெளிநாட்டு இதழ்களை நிறுத்திவிட்டுப் பாடப் புத்தகங்களைக் கூடுதல் பிரதி வாங்கினேன். மாடியில் இருந்தவற்றைக் கீழே வாசலுக்கு நேரே கொண்டுவந்தேன். இப்போது உட்கார நாற்காலி இல்லை. அலமாரி பாதி காலி என்று ஞானதுரை சொன்னாரா? ஆமாம், காலிதான். புத்தகமெல்லாம் பிள்ளைகளிடம் இருக்கிறது!

இன்னும் புத்தகம் வேண்டும் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். "எல்லாம் போன்லயே இருக்கேம்மா" என்று சிரித்தார். இப்போது குழு வருகிறது என்றதும் இரவல் நகை போட்டுப் பெண்ணைக் காட்டுகிற கதை. அதற்கு நகை கொடுப்பது என் சொந்த அண்ணன்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அட்டையிலும் முதல் பக்கத்திலும் உன் கல்லூரிப் பெயர் மேல் எங்கள் லேபிளை ஒட்டப் போகிறார்களாம். உள்பக்க முத்திரையை என்ன செய்வார்கள்? பள்ளி விடுமுறையில் உன்னோடு உட்கார்ந்து புத்தகம் புத்தகமாக ஐம்பத்தோராம் பக்கத்தில் முத்திரை குத்தியவள் நான். திருடுகிறவன் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் உள்ளே ஒரு பக்கம் யாருடையது என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று வெளியே சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயே. அதை ஞானதுரையிடம் சொன்னாயா?

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போ. தைலம் தடவிக்கொண்டே காலம் தள்ளாதே.

யுவராணி


ராஜபாளையம்
4.11.2024

யுவராணிக்கு,

தீபாவளிக்கு நீ வரவில்லை. அம்மா வாசலைப் பார்த்துப் பார்த்து மத்தியானம் வரைக்கும் சாப்பிடவில்லை. உன் கோபத்துக்கு எங்கள் வீட்டு அதிரசம் என்ன பாவம் செய்தது? வேல்சாமியிடம் டப்பாவில் கொடுத்திருக்கிறேன். டப்பா திரும்பி வர வேண்டும்.

உன் பஸ் புராணம் படித்தேன். நூலகரா, நேரக் காப்பாளரா நீ? எனக்குத் தெரிந்தவரை நூலக நிர்வாகம் என்றால் வாங்கிய புத்தகத்தை வாங்கிய மாதிரியே வைத்திருப்பது. என்னிடம் உள்ளதை வந்து பார், ஒன்றில்கூட மூலை மடங்கியிருக்காது.

நேற்று புத்தகங்களை ஏற்றினார்கள். மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, தார்ப்பாய் போடாமல் ஏற்றுகிறான்கள். "ஏலே, அது செங்கலா? பாத்து வைலே!" என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை நானே போட்டிருக்கிறேன். பயிர் நோய்கள் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று வருகிறது, வண்ணப் படங்களோடு. அதைத் தனியாகத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். அந்தப் பதிப்பு இனிக் கிடைக்காது. அதை உன் மேசைக்குள் பூட்டி வை. மேசைக்குப் பூட்டு இருக்கிறதா, அதையும் கழற்றிவிட்டாயா?

அம்மாவை டாக்டரிடம் காட்டினேன். எடை குறைக்கச் சொன்னார். அம்மா டாக்டரை மாற்றச் சொல்கிறாள்.

ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.11.2024

அண்ணனுக்கு,

அதிரசம் நன்றாக இருந்தது, மதினியிடம் சொல். டப்பா இதோடு வருகிறது. நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

நான் எழுதப் போவதைப் படித்ததும் நீ குதிப்பாய். உட்கார்ந்துகொண்டு படி.

உன் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞானதுரை சுற்றறிக்கை அனுப்பினார். வந்த நூல்கள் யாவும் பல்கலைக்கழக நூல்களாகவே கணினியில் ஏற்றப்பட வேண்டும், பார்கோடு ஒட்டப்பட வேண்டும், குழு கணினியைத் திறந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியக்கூடாது. அவர் கையெழுத்தோடு வந்தது. நான் அப்படியே செய்தேன். கணினியில் ஏறிய புத்தகம் பிள்ளைகள் போனில் தெரியும். தெரிந்ததைக் கேட்பார்கள். கேட்டதைக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடுத்த மாதம் பரீட்சை. ஏற்றிய மறுநாள் காலையில் கதவைத் திறக்கும் முன்னால் வாசலில் வரிசை நின்றது. தவசிமுத்துவே, "மேடம், ரேஷன் கடை மாதிரில்லா இருக்கு" என்று வாயைப் பிளந்தார்.

காட்சிக்கு மட்டும் என்று ஒரு பட்டனைத் தட்டி நான் நிறுத்தியிருக்கலாம். தட்டவில்லை. ஏன் தெரியுமா? உன் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தேன். பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஒரு தேதிகூட இல்லை. சிலவற்றில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, நகத்தால் பிரித்தேன். முப்பது வருஷமாகப் புத்தகம் தொலையவில்லை என்று மார் தட்டுகிறாயே, எப்படித் தொலையும்? ராஜபாளையத்துப் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்களே, அதற்கு யார் கணக்குச் சொல்வது? எனக்கு வயிறு எரிந்தது அண்ணே. இப்போதும் எரிகிறது.

துண்டில் சுற்றிய பயிர் நோய்ப் புத்தகம் ஜாஸ்மினிடம் இருக்கிறது. மகாராஜபுரத்துப் பெண், தாவரவியல் படிக்கிறாள். அவர்கள் தோப்பில் தென்னை ஓலை மஞ்சளாகிக் காய்ந்துகொண்டே போகிறதாம். படத்தைப் பார்த்ததும், "மேடம், இதேதான், எங்க தோப்புல இதேதான்" என்று நூலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். நான் அதட்டவில்லை. மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோப்புக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

அம்மா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

யுவராணி


ராஜபாளையம்
20.11.2024

யுவராணி,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அந்தப் புத்தகத்தைத் தோப்புக்குத் தூக்கிப் போக விட்டாயா? தோப்புக்கா? மட்டையும் சகதியும் கிடக்கிற இடத்துக்கா? உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? குழு வந்து அலமாரியைப் பார்க்கும்போது அங்கே காற்றா இருக்கும்? குழு போன பிறகு ஞானதுரை என்னிடம் என் புத்தகம் எங்கே என்று கேட்பார். என் தங்கச்சி தர்மம் பண்ணிவிட்டாள் என்று சொல்லவா? ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது என் பெயரை நாறடிக்க உனக்கு இவ்வளவு ஆசையா?

எல்லாவற்றையும் திருப்பி வாங்கு. இந்த வாரமே. அந்தப் பெண்ணிடம் முதலில் வாங்கு.

கேட்டால் கேள், கேட்காவிட்டால் எனக்குத் தங்கச்சி இல்லை என்று இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.12.2024

தங்கச்சி இல்லாத அண்ணனுக்கு, அந்தத் தங்கச்சி எழுதுவது.

அம்மா கால் எப்படி இருக்கிறது? மதினி சளி விட்டதா? நான் விசாரிக்கிறேன், நீ விசாரிக்காவிட்டாலும்.

குழு வந்து போய்விட்டது. வாசலில் பூரண கும்பம், மேசைக்கு மேசை பால்கோவா. நூலகத்துக்குள் வந்த குழுத் தலைவி வடக்கத்தி அம்மா, வெள்ளை முடி, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அலமாரிகளில் பல் விழுந்த வாய் மாதிரி ஆங்காங்கே சந்து. ஞானதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. புத்தகங்கள் எங்கே என்று அந்த அம்மா கேட்டார். படிக்கிறவர்களிடம் என்றேன். கணினியைத் திருப்பிக் காட்டினேன். யாரிடம் எது, எப்போது திரும்ப வரும், அடுத்து யார் காத்திருக்கிறார்கள், எல்லாம் இருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா தெரியாது. சாப்பாட்டு வேளையாகிவிட்டதால் பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள், குழுவினர் நிற்க இடமில்லாமல் வெளியே போனார்கள்.

மறுநாள் ஞானதுரை கூப்பிட்டு, "அலமாரியக் காட்டச் சொன்னா ஆளக் காட்டுறீகளா?" என்று பல்லைக் கடித்தார். அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. உன்னிடம் சொல்கிறேன். வேண்டுமென்றேதான் கொடுத்தேன். பொய்க்கு வைத்த புத்தகத்தை மெய்யாக்கினேன். அதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. உனக்கும் சேர்த்துத்தான் நல்லது செய்திருக்கிறேன், புரிந்தால் புரிந்துகொள்.

பரீட்சை முடிந்ததும் எல்லாம் திரும்பி வரும். பதில் போடு. திட்டியாவது போடு.

யுவராணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.1.2025

திரு. ஜெயபாண்டி அவர்களுக்கு,

இதை அஞ்சலில் அனுப்புகிறேன். அறக்கட்டளைப் பையைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது.

ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு ஏதாவதா என்றுகூடப் பயந்தேன். காரணம் நேற்றுத்தான் தெரிந்தது. எனக்கு மெமோ வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நூல்களை வேண்டுமென்றே தொலைத்துவிட்டேனாம், ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று மாத முடிவுக்குள் பதில் தர வேண்டுமாம். வேண்டுமென்றே. அந்த வார்த்தையை நான் உலகத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் எழுதினேன். பொய்க்கு வைத்ததை மெய்யாக்கினேன் என்று நான் உனக்கு எழுதிய வரி அந்த மெமோவில் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது.

ஞானதுரை முகத்துக்கு நேரே சொன்னார், "ஒங்க அண்ணனே புத்தகம் தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இனிமே என்ன பேச்சு?"

நல்லது. மே மாதம் மாலையும் சால்வையும் நிம்மதியாக வாங்கிக்கொள். நான் போன பிறகு என்ன நடக்கும் என்று தெரியுமா? கண்ணாடிக் கதவு ஷெட்டிலிருந்து திரும்பி வரும். ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். ஏழு மணி பஸ் நிற்கும். மறுபடியும் ஆண்டறிக்கையில் எவன் படிக்கிறான் என்று எழுதுவார்கள். சின்ன வயதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து முத்திரை குத்தியதால்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். என் அண்ணன் மாதிரி ஆக வேண்டும் என்று வந்தேன். தூ.

பொங்கலுக்கு வர மாட்டேன். அம்மாவிடம் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல். இன்னும் கொஞ்ச நாளைக்கு அது உண்மை.

யுவராணி


ராஜபாளையம்
20.1.2025

யுவராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நன்றாக இருக்கிறாள். பொங்கல் வைத்தோம். எனக்குக் கொஞ்சம் கால் வலி. லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன்.

நீ நினைத்தது நினைத்தபடியே இருக்கட்டும். அண்ணன் கையெழுத்துப் போட்டானா என்று ஒரு வார்த்தை கேட்காமல் தூ என்று எழுதியவளுக்கு நான் என்ன பதில் எழுதுவது?

மெமோவுக்கு அவசரப்பட்டுப் பதில் கொடுக்காதே. ராஜினாமா கடிதம் எழுதித் தொலைக்காதே. உன் புத்திக்கு அதைத்தான் செய்வாய்.

பயிர் நோய்ப் புத்தகம் வந்துவிட்டதா? காக்கி அட்டை கிழிந்திருந்தால் புதிதாகப் போடு.

ஜெயபாண்டி


ராஜபாளையம்
24.1.2025

யுவராணிக்கு மதினி மாரிக்கனி எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள். ஆனால் இனியும் பொறுக்க முடியாது. உன் அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயைத்தானே திறக்கக் கூடாது. கையால் எழுதுகிறேன்.

அவருக்குக் காலில் ஒரு வலியும் இல்லை. வேலை போய்விட்டது.

இந்த மாதம் ஏழாம் தேதி ஞானதுரை கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருக்கிறார். யுவராணியிடம் கொடுத்த நூல்கள் தொலைந்துவிட்டன என்று டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு. நீ சொல்கிறாயே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று, உன்னிடம் அப்படிச் சொன்ன அன்றைக்கு உன் அண்ணனிடம் கேட்கக்கூட இல்லை. உனக்குப் பயம் காட்டியிருக்கிறார்கள். உன் அண்ணன் படித்துவிட்டுச் சொன்னாராம்:

"தொலஞ்சு போச்சுன்னு போட்டிருக்கு. தொலையலையே. எந்தப் புத்தகம் எந்தப் புள்ளட்ட இருக்குன்னு பேரோட கம்ப்யூட்டர்ல இருக்கு. எங்க இருக்குன்னு தெரியலன்னாத்தான் அது தொலஞ்சது. முப்பது வருசமா எம் புத்தகம் ஒண்ணு தொலஞ்சதில்ல, இப்பவும் தொலையல. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தங்கச்சிக்கு மெமோ போயாச்சு, கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்கும் வேலை இல்லை என்று ஞானதுரை மிரட்டியிருக்கிறார். உன் அண்ணனுக்குக் கோபம் வந்தால் தெரியுமே. பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த புத்தகம் ஒன்று அந்த மேசையிலேயே கிடந்ததாம். அதை எடுத்து ஐம்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாராம்.

"மேல லேபிள் ஒட்டுனீக. இத என்ன செய்வீக? அம்புட்டுப் புத்தகத்துலயும் இருக்கு. எந்தங்கச்சி யுனிவர்சிட்டி புத்தகத்தத் தொலச்சான்னு மெமோ குடுத்தீகள்ல, அது யுனிவர்சிட்டி புத்தகமே இல்லன்னு நான் அந்தக் குழுவுக்கு எழுதுவேன். எந்தப் பக்கத்தத் தொறந்து பாக்கணும்னும் சேத்து எழுதுவேன்."

அந்த முத்திரையைப் பற்றி முதலிலேயே ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "எவன்ட்டயும் சொல்றதுக்கா அத குத்துனேன்?" என்றார்.

அதோடு சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, பஸ் ஏறாமல் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்ததும் தபால்காரர் போட்டிருந்த உன் கடிதத்தைப் பிரித்தார். நீ தூ என்று எழுதிய கடிதம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை யுவராணி. அத்தை எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திரிக்கவில்லை.

நீ டிசம்பரில் எழுதிய கடிதம் இந்த வீட்டுக்கு வரவே இல்லை. வேல்சாமியை நிறுத்திக் கேட்டேன். "எக்கா, பைய இப்பல்லாம் செயலாளர் ரூம்லதான் பிரிக்காக. பிரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுக்காக" என்றார். உன் கடிதத்துக்காக இவரும் தினமும் அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் இரண்டு பேர் ரோஷத்தையும் வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வேன்?

இப்போது அவர் இடுப்பைத் தடவித் தடவிப் பார்க்கிறார். சாவி இருந்த இடம்.

மாரிக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.2.2025

அண்ணே,

மதினி எழுதியதைப் படித்தேன். அவளைத் திட்டாதே.

புதன்கிழமை ஞானதுரை கூப்பிட்டு, "அந்த மெமோவக் குடுத்துருங்கம்மா, அது தப்பா வந்துருச்சு" என்று வாங்கி வைத்துக்கொண்டார். உன் புத்தகங்களைத் திருப்பி அனுப்பவா என்றேன். "அது நம்ம புத்தகம்தானம்மா, எங்க அனுப்பப் போறீக?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைக் கண்டுதான் பயந்துவிட்டார் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். தவசிமுத்துவிடம் பெருமை வேறு அடித்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

உன் மேலும்தான். ஏன் சொல்லவில்லை? கால் வலியாம் கால் வலி! தூ என்று எழுதியதை நான் எப்படித் திருப்பி வாங்குவேன்? அதை எழுதிய கையை என்ன செய்ய?

பயிர் நோய்ப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் ஓலைக் கறை. ஜாஸ்மின் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு அழுதாள், எவ்வளவு அபராதம் என்றாலும் சரி என்றாள். தேதிச் சீட்டில் இப்போது தேதிகள் இருக்கின்றன. அவள் இன்னும் படித்து முடிக்கவில்லையாம், மறுபடி கேட்டிருக்கிறாள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். திட்டு.

யுவராணி


ராஜபாளையம்
8.2.2025

யுவராணிக்கு,

அம்மா சுகம். மதினி என் கண்ணில் படாமல் அடுப்படியிலேயே சுற்றுகிறாள், ஆகவே அவளும் சுகம். எனக்குக் கால் வலி இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

போனில் பேச மாட்டேன். நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா நடுவில் வந்து போனை வாங்கிக்கொள்வாள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உன் மேலும் தீரவில்லை, ஞானதுரை மேல் எப்போதும் தீராது. என் கல்லூரி நூலகத்தை ஒரு மாதமாகத் திறக்கவே இல்லையாம். சாவி யாரிடம் என்று தெரியவில்லையாம். மிச்சமிருக்கிற புத்தகங்கள் உள்ளே கிடக்கின்றன. நேற்று அந்த வழியாகப் போனேன். ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. நின்று பார்க்க அசிங்கமாக இருந்தது.

பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? படிக்கலாம் என்றால் கையில் ஒரு புத்தகம் இல்லை. முப்பது வருஷமாக அட்டை போட்டேனே தவிர, அதில் பாதியை நானே படித்ததில்லை. இப்போது அதெல்லாம் உன்னிடம் இருக்கிறது.

வெளியார் யாராவது உறுப்பினராகலாமா? ஆகலாம் என்றால் எனக்கு ஒரு அட்டை போடு. ஆகக்கூடாது என்று விதி இருந்தால் மாற்று, பஸ்ஸையே மாற்றியவள்தானே. அண்ணன் என்று சலுகை வேண்டாம். ஒருத்தருக்கு இரண்டு புத்தகம் என்று வேல்சாமி சொன்னார். எந்த மடையன் போட்ட விதி அது? நீயா?

முதலில் அந்தப் பயிர் நோய்ப் புத்தகம் வேண்டும். கறை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ஜாஸ்மின் மறுபடி கேட்டிருக்கிறாள் என்றாயே. அவள் படித்து முடிக்கட்டும். அவளுக்குப் பின்னால் என் பெயரைப் போடு. அதுவரை வேறு ஏதாவது கொடு.

திங்கட்கிழமை வருகிறேன். சாயங்காலம் பஸ் ஏறினால் ஆறு மணிக்கு மேல் ஆகிவிடும். ஏழு மணி வரை திறந்திருக்கும் என்று எழுதியிருந்தாய்.

நான் வரும்போது கதவு மட்டும் பூட்டியிருக்கட்டும், அப்புறம் இருக்கிறது உனக்கு.

ஜெயபாண்டி